மின்சாரமும் போக்குவரத்தும்: அண்டை நாடுகளின் கூட்டுறவு

1986-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16, 17 தேதிகளில், தெற்காசியாவின் ஏழு நாடுகளின் தலைவர்கள் பெங்களூருவில் கூடினர். அதற்கு முந்திய டிசம்பரில் டாக்காவில் தோற்றுவிக்கப்பட்ட தெற்காசியப் பிராந்தியக் கூட்டுறவுச் சங்கத்தின் இரண்டாவது உச்சி மாநாடு அது. சங்கத்திற்கு நிலையான தலைமைச் செயலகம் ஒன்றைக் காத்மாண்டுவில் அமைப்பதற்கான ஒப்பந்தம் பெங்களூருவிலேயே கையெழுத்தாயிற்று. சங்கம் தொடக்கத்திலேயே மேற்கொண்ட கூட்டுப்பணித் துறைகளுள் போக்குவரத்தும் ஒன்று. மின்சாரத்தைப் பற்றிய உடன்படிக்கையோ 28 ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், காத்மாண்டு மாநாட்டில்தான் கையெழுத்தாயிற்று. எனினும், முந்திப் பேசப்பட்ட துறை பிந்தியும், பிந்திப் பேசப்பட்ட துறை முந்தியும் நடந்து வருகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. பெங்களூரு காட்டும் முன்மாதிரி

மின்சாரத்தைத் தொலைவிலுள்ள இடத்திற்குக் கொண்டுசெல்வதில் மைசூர்ச் சீமை இந்தியாவுக்கு முன்னோடியாக விளங்கியது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழியே கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. 1905-இல் பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. நூறு ஆண்டுகளுக்குப்பின், 2003-இல், ஒடிசாவின் தால்சேரிலிருந்து புறப்பட்ட உயர் அழுத்த நேர்மின்னோட்டத் தடம் அதே கோலார் வட்டாரத்தில் வந்து முடிந்தது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 2,000 மெகாவாட்டாக இருந்தது. நீளம் 1,300 கிலோமீட்டருக்கும் மேல்.

தென் மாநிலங்களின் மின்சாரத்தை ஒருங்கே கண்காணிக்கும் மண்டல மையமும் பெங்களூருவிலேயே உள்ளது. ஒரு மாநிலத்தின் நீர்த்தேக்கம் வற்றிய காலத்தில் மற்றொன்றின் அனல் நிலையம் உதவுகிறது. ஓரிடத்தில் காற்று மிகுதியாக வீசும்போது அங்கு விளையும் மின்சாரம் வேறிடத்துக்குச் செல்கிறது. மாநிலங்களுக்கிடையே நிகழும் இக்கொடுக்கல் வாங்கலே நாடுகளுக்கிடையே நிகழ வேண்டியதற்கும் அடிப்படை.

2. இணைப்பின் விஞ்ஞானம்

மாறு மின்னோட்டத்தால் இணைந்த நிலையங்கள் யாவும் ஒரே வேகத்தில் இயங்கவேண்டும். இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் அவ்வேகம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல அவை சேர்ந்தே நடக்கும். ஒன்று இடறினால் மற்றவையும் தள்ளாடும். பளு கூடினால் சுழற்சி எண்ணிக்கை குறையும். பளு குறைந்தால் எண்ணிக்கை கூடும். ஆதலின் உற்பத்தியையும் செலவையும் கணந்தோறும் சமனாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

நேர்மின்னோட்ட இணைப்பின் இயல்பு வேறு. அது இரு கால்வாய்களுக்கு இடையே அமைந்த மதகைப் போன்றது. வேண்டிய அளவு நீர் மதகின்வழியே செல்லும். ஆயினும் ஒரு கால்வாயின் நீர்மட்டம் மற்றதன் மட்டத்தைக் கட்டுப்படுத்தாது.

இவ்விரு முறைகளின் நன்மை தீமைகளை அண்மைக்கால வரலாறே எடுத்துக்காட்டுகிறது. 2012 ஜூலை 30-இல் வட இந்திய மின்தொகுப்பு நிலைகுலைந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் இருளில் மூழ்கின. நேர்மின்னோட்டத்தால் மட்டுமே அவற்றுடன் இணைந்திருந்த தென்மண்டலம் தப்பியது. அங்ஙனமாயினும், 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வாயிலாகத் தென்மண்டலமும் நாட்டின் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டது. மதகு சிறிதாயிருந்தமையால், வடக்கே மிகுந்திருந்த மின்சாரம் மின்பஞ்சத்தால் வாடிய தெற்குக்குப் போதிய அளவு வர இயலாமையே அதற்குக் காரணம். தனித்திருப்போர் பிறர் துன்பத்தில் பங்குகொள்வதில்லை. அவ்வாறே பிறர் உதவியும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

3. எல்லை கடந்த மின்சாரம்

பூட்டானின் சூக்கா நீர்மின் நிலையம் (336 மெகாவாட்) இந்திய நிதியுதவியுடன் கட்டப்பட்டு, 1986 முதல் 1988 வரையிலான ஆண்டுகளில் படிப்படியாக இயங்கலாயிற்று. பெங்களூரு மாநாடு கூடியதும் அதே காலத்தில்தான். பின்னர் 1,020 மெகாவாட் திறனுள்ள தாலா நிலையமும் எழுந்தது. இமயமலை ஆறுகள் மழைக்காலத்தில் பெருகிக் குளிர்காலத்தில் மெலிகின்றன. ஆகவே பூட்டானும் நேபாளமும் மழைக்காலத்தில் மிகுதியை விற்கின்றன. குளிர்காலத்தில் இந்தியாவிடமிருந்து வாங்குகின்றன. இருதரப்பும் பயன்பெறும் இக்கொடுக்கல் வாங்கல் பருவத்தை அடிப்படையாகக் கொண்டது.

வங்கதேசத்துடன் 2013 அக்டோபரில் ஏற்பட்ட இணைப்பு மதகு முறையைச் சார்ந்தது. மேற்கு வங்காளத்தின் பகரம்பூரிலிருந்து செல்லும் தடம் பேராமாராவில் நேர்மின்னோட்ட நிலையத்தின் வழியே அந்நாட்டுத் தொகுப்பில் சேர்கிறது. தொடக்கத்தில் 500 மெகாவாட்டாக இருந்த அதன் கொள்ளளவு பின்னர் இருமடங்காக்கப்பட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி இவ்விணைப்பு திடீரென அறுந்தது. அப்போது வந்துகொண்டிருந்த 440 மெகாவாட் அளவிலான மின்சாரம், வங்கதேசத்தின் அந்நேரத் தேவையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதை ஈடுசெய்யும் கையிருப்பு இல்லாமையால் அந்நாடு முழுவதும் பல மணி நேரம் இருளடைந்தது. இந்தியத் தொகுப்போ நிலைகுலையவில்லை. கோளாறு எல்லை தாண்டாமல் மதகு காத்தது உண்மையே. ஆனால் அயலிலிருந்து வாங்கும் நாடு சொந்தக் கையிருப்பையும் பேண வேண்டும் என்ற பாடத்தை அந்நாள் கற்பித்தது.

2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகளின்வழியே வங்கதேசத்துக்கு விற்கப்படுகிறது. நேபாளத்தில் பிறந்த அதே மின்சாரம் டாக்காவின் விளக்கை எரிக்கிறது என்று கொள்ளலாகாது. ஓர் எல்லையில் இவ்வளவு உட்புகுந்தது, மற்றோர் எல்லையில் இவ்வளவு வெளியேறியது என்று அளந்து கணக்கிடுவதே இதன் செயல்முறை. அளவு சிறிதாயினும், மூன்று நாடுகள் ஒரே கணக்கேட்டை நம்புவது பெரிய செய்தியாகும்.

4. சாலையும் ஆறும்

மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் உள்ள உறவைத் திரிபுராவின் பாலாட்டானா எரிவாயு மின்நிலையம் தெளிவாக விளக்கும். அதன் கனமான எந்திரங்களை மலைப்பாதை வழியே கொண்டுசெல்வது மிக அரிதாயிருந்தது. அவை நீர்வழியே வங்கதேசத்தின் ஆசுகஞ்சு துறையை அடைந்து, அங்கிருந்து தரைவழியே திரிபுராவுக்குச் செல்ல அந்நாடு இசைவளித்தது. 2016-இல் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் மின்சாரம் வங்கதேசத்துக்குச் செல்லத் தொடங்கிற்று. வழிவிட்டதனால் விளைந்த பயனில் வழிவிட்டவருக்கும் பங்கு கிடைத்தது.

ஆயினும் இதற்கு ஒரு விலையும் இருந்தது. எந்திர வண்டிகள் கடக்கும் பொருட்டுத் தித்தாசு ஆற்றின் குறுக்கே தற்காலிக மண்பாதை போடப்பட்டது. நீரோட்டம் தடைப்பட்டதால் அக்கரையோர உழவரும் மீனவரும் குறைகூறினர். பின்னர் அது அகற்றப்பட்டது. இரு அரசாங்கங்களுக்கு நன்மையான திட்டம் ஆற்றங்கரைக் குடியானவருக்கும் நன்மையாதல் வேண்டும் என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது.

சாலைப் போக்குவரத்தில் முன்னேற்றம் குறைவே. பூட்டான், வங்கதேசம், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூன் 15-இல் திம்புவில் மோட்டார் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தன் சுற்றுச்சூழலையும் சிறிய சாலைகளையும் கருதிப் பூட்டானின் மேலவை அதை ஏற்க மறுத்தது. மற்ற மூன்று நாடுகளிலும் அது முழு அளவில் நடைமுறைக்கு வரவில்லை. காரணம் எளிது. மின்சாரத்தை ஒரு மீட்டரால் அளந்துவிடலாம். அது எல்லையில் நிற்பதில்லை. லாரிக்கோ சுங்கம், ஓட்டுநர் உரிமம், காப்பீடு, சாலைவரி, சரக்குச் சோதனை எனப் பல துறைகளின் இசைவு தேவை. இவற்றுள் ஒன்று தவறினும் சரக்கை எல்லையில் இறக்கி வேறு லாரியில் ஏற்ற நேரிடுகிறது.

5. தமிழகக் கரையிலிருந்து

தமிழ் மக்களுக்கு இப்பொருள் புதிதன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சென்றனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அவ்வழி மீளவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. தமிழகத்தையும் இலங்கையையும் கடலடி மின்கம்பியால் இணைக்கும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது, இன்னும் கட்டப்படவில்லை. அது நிறைவேறுமாயின் நேர்மின்னோட்ட முறையிலேயே அமைவது இயல்பு. நீண்ட கடலடிக் கம்பியில் மாறு மின்னோட்டத்தின் பெரும்பகுதி கம்பியை மின்னேற்றுவதிலேயே செலவாகிவிடும்.

6. ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

வகுப்பில் தெற்காசியப் படத்தை வரைந்து, சூக்கா, பகரம்பூர், பேராமாரா, ஆசுகஞ்சு, நாகப்பட்டினம் ஆகிய இடங்களைக் குறிக்கச் செய்க. பின்வரும் வினாக்களை மாணவர்களிடம் கேட்க:

அ. பூட்டான் மின்சாரத்தை விற்பதும் வாங்குவதும் எப்பருவங்களில்? ஏன்?

ஆ. 2012-இல் தென்மண்டலம் தப்பியதற்கும், 2013-இல் அது பிற மண்டலங்களுடன் சேர்ந்ததற்கும் உரிய காரணங்கள் யாவை? அவை ஒன்றுக்கொன்று முரணானவையா?

இ. எல்லையில் மின்சாரம் கடப்பதற்கும் லாரி கடப்பதற்கும் உள்ள வேறுபாடுகள் எவை?

அயலாரோடு கூடி வாழ்வதில் லாபமும் உண்டு, இடரும் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே அளந்து, இடருக்குக் கையிருப்பும் லாபத்தில் அனைவருக்கும் பங்கும் வகுத்துவைப்பதே நிலைத்த கூட்டுறவின் இலக்கணம்.