ஏலம் போனது 62 ரூபாய்; கையில் நின்றது எவ்வளவு?
ஆன்லைன் ஏலத்தில் மறைந்திருக்கும் செலவுகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன், இதை வைத்து நாலு காசு சம்பாதிக்க முடியாதா என்ற எண்ணம் பலருக்கும் வரும். வீட்டில் இருக்கும் சிறு பொருட்களை, ஊரில் மலிவாகக் கிடைக்கும் கைவினைப் பொருட்களை இன்டர்நெட்டில் விற்கலாமே என்று தோன்றும். விற்கலாம். ஆனால் விற்ற விலை வேறு, நம் கையில் நிற்கும் பணம் வேறு. பொருளின் விலை குறையக் குறைய இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாகும். இதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். நீங்கள் அப்படிக் கற்றுக் கொள்ள வேண்டியதில்லை.

ஆன்லைன் ஏலம்: ஒரு சிறு அறிமுகம்

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னாளில் இபே ஆனது. அதில் முதலில் விற்பனையானதாகச் சொல்லப்படும் பொருள், பழுதான ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். வீட்டில் கிடக்கும் எதற்கும் உலகில் எங்கோ ஒருவர் விலை தருவார் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பரவியது.

நம் நாட்டில் 2000-ல் பாஸீ டாட் காம் என்ற ஏலத் தளம் வந்தது. 2004-ல் அதை இபே வாங்கியது. 2017-ல் இபே இந்தியா பிளிப்கார்ட் வசம் போய், 2018 ஆகஸ்ட் 14 அன்று தன் விற்பனையை நிறுத்திக் கொண்டது. இப்போது நாட்டுக்குள் சிறு பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் விலை குறித்து விற்கும் தளங்களையே நாடுகிறார்கள். வெளிநாட்டுக்கு ஏலத்தில் விற்பவர்களும் உண்டு. எந்த வழியாக விற்றாலும் கீழே சொல்லும் கணக்கு பொருந்தும்.

கொட்டான் விற்ற கதை

எங்கள் ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமி. விவசாயம் பொய்த்தாலும் பனை பொய்க்காது. எங்கள் தெருவில் பனை ஓலைக் கொட்டான் முடையும் அத்தை ஒருவர் இருந்தார். 2007-ல் தவணையில் கம்ப்யூட்டர் வாங்கிய நான், அவரிடம் மூடி போட்ட கொட்டான் ஒன்றை 35 ரூபாய்க்கு வாங்கி, படம் எடுத்து, ஓர் ஏலத் தளத்தில் போட்டேன். முதல் முறை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் முறை 62 ரூபாய்க்கு ஏலம் போனது. தபால் செலவுக்கு என்று 40 ரூபாய் தனி. ஆக, 102 ரூபாய் வந்தது.

35 ரூபாய்ப் பொருளுக்கு 102 ரூபாய்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்துப் பத்துக் கொட்டான்கள் விற்றேன். “இன்னும் நூறு முடைந்து வையுங்கள் அத்தை” என்றும் சொல்லிவிட்டேன். அத்தை என் பேச்சை நம்பி, வழக்கமாக வாங்கும் வியாபாரியிடம் இந்த மாதம் முடியாது என்று சொல்லி, கடனுக்குக் குருத்தோலை வாங்கிப் போட்டு விட்டார்.

மாதக் கடைசியில் டெலிபோன் பில் வந்தது. என் மனைவி பலசரக்குக் கடை நோட்டை எடுத்து வைத்துக் கொண்டு, “வித்த காசெல்லாம் எங்கங்க?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்காக முதல் கொட்டானின் செலவை உட்கார்ந்து எழுதினேன்.

கொட்டான் விலை – ரூ. 35
பட்டியல் கட்டணம் (இரண்டு முறை) – ரூ. 6
விற்பனைக் கட்டணம் (62-ல் 5 சதவீதம்) – ரூ. 3
பணம் வசூலித்துத் தந்ததற்கான கட்டணம் (102-ல் 4 சதவீதம்) – ரூ. 4
அட்டைப் பெட்டி, டேப் – ரூ. 9
பதிவுப் பார்சல் – ரூ. 52
அருப்புக்கோட்டை போய் வர பஸ் – ரூ. 12
இன்டர்நெட்டுக்கான டெலிபோன் செலவு – ரூ. 8
மொத்தம் – ரூ. 129

வந்தது 102. போனது 129. ஒரு கொட்டானுக்கு 27 ரூபாய் நஷ்டம். என் உழைப்பை இதில் சேர்க்கவே இல்லை.

செலவுகள் எங்கே ஒளிந்திருந்தன?

1. நிலையான கட்டணம்: சதவீதக் கட்டணம் விலையோடு சேர்ந்து குறையும். நிலையான கட்டணம் குறையாது. இபே அமெரிக்கத் தளத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2024-ல் திருத்திய கட்டணப்படி, சதவீதக் கட்டணம் போக, 10 டாலர் வரையுள்ள ஒவ்வொரு ஆர்டருக்கும் 30 சென்ட், அதற்கு மேல் 40 சென்ட் தனியாக உண்டு. 100 டாலர் பொருளுக்கு 40 சென்ட் என்பது அரை சதவீதம்கூட இல்லை. 3 டாலர் பொருளுக்கு 30 சென்ட் என்பது 10 சதவீதம்!

2. தபால் செலவுக்கும் கமிஷன்: பொருளின் விலைக்கு மட்டும்தான் கமிஷன் என்று நினைக்க வேண்டாம். முன்பு சிலர் பொருளுக்கு விலையைக் குறைத்து, தபால் செலவை ஏற்றிக் காட்டிக் கமிஷனைத் தவிர்த்தார்கள். 2011-லிருந்து இபே அமெரிக்கத் தளம் தபால் தொகைக்கும் சேர்த்தே கமிஷன் கணக்கிடுகிறது. தபால்காரருக்கு அப்படியே போகும் பணத்துக்கும் நீங்கள்தான் கமிஷன் கட்ட வேண்டும். நம் நாட்டுத் தளங்களில் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

3. எடை: கொட்டான் இலேசானது, 500 கிராமுக்குள் அடங்கும், 36 ரூபாய் போதும் என்று நினைத்துத்தான் 40 ரூபாய் கேட்டேன். பழைய பேப்பர் திணித்து அட்டைப் பெட்டியில் வைத்த பிறகு தராசு 540 கிராம் காட்டியது. அந்த 40 கிராமுக்கு 16 ரூபாய் கூடுதல். பேக்கிங் செய்து முடித்த பிறகு எடை போட்டுவிட்டுத்தான் தபால் செலவைக் குறிப்பிட வேண்டும்.

4. கன எடை: பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. வரும் எண், உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம். 25, 25, 20 செ.மீ. அளவுள்ள பெட்டியின் கன எடை 2.5 கிலோ! உள்ளே அரைக் கிலோதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. ஓலைப் பொருள், பொம்மை, கூடை விற்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

5. விற்காத பொருள், கட்டாத பணம்: யாரும் கேட்காத ஏலத்துக்கும் அன்று நான் கட்டணம் கட்டினேன். ஒருவர் ஏலம் எடுத்துவிட்டுப் பணமே அனுப்பவில்லை. இன்னொருவருக்குப் பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. முழுப் பணத்தையும் திருப்பித் தந்தேன். அந்த ஒரு பார்சலில் 129 ரூபாயும் போயிற்று. கொட்டானுக்கு 15 ரூபாய் லாபம் கிடைத்தால்கூட, அதை ஈடுகட்ட ஒன்பது கொட்டான் விற்க வேண்டும்.

6. உங்கள் நேரம்: படம் எடுப்பது, விளக்கம் எழுதுவது, கேள்விகளுக்கு இமெயிலில் பதில் தருவது, பேக்கிங், பயணம். 50 ரூபாய்ப் பொருளுக்கும் 5000 ரூபாய்ப் பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான்.

அத்தை சொன்ன பாடம்

அத்தையிடம் மறைக்க முடியவில்லை. போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “ஏய்யா, மொளகா மூட்டைய கமிஷன் கடையில எறக்குனா சீட்டுல எல்லாம் எழுதித் தாரான்ல. கமிஷன் இவ்வளவு, எறக்குக் கூலி இவ்வளவு, சாக்கு இவ்வளவுன்னு. அத மாதிரி ஒரு சீட்டு மொதல்லயே நீ போட்டுப் பாத்தியா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. நம் ஊர் சம்சாரி ஏல விலையைக் கேட்டுச் சந்தோஷப்படுவதில்லை. சீட்டின் கடைசி வரியைப் பார்த்துத்தான் பேசுவார். ஆன்லைன் ஏலத்தில் அந்த முழுச் சீட்டை யாரும் நமக்குத் தருவதில்லை. தளம் தன் கட்டணத்தைக் காட்டும். தபால் ரசீது தனி, பஸ் டிக்கெட் தனி, டெலிபோன் பில் தனி. எல்லாம் வேறு வேறு இடத்தில் இருப்பதால்தான் செலவு மறைந்து விடுகிறது.

முடைந்து வைத்திருந்த கொட்டான்களை என்ன செய்வது? அத்தையே வழி சொன்னார். பெரியதற்குள் சிறியது என ஐந்தை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினார். அதே அட்டைப் பெட்டியில் ஐந்தும் அடங்கின. எடை ஒரு கிலோவைத் தாண்டவில்லை. அளவுக்கேற்ற விலைப்படி ஐந்துக்கும் அத்தைக்கு 125 ரூபாய். ஆரம்ப விலையை 240 என்று வைத்தேன், தபாலுக்கு 70. அந்த விலைக்கே போனது. வரவு 310. செலவு: கொட்டான் 125, பட்டியல் 3, விற்பனைக் கட்டணம் 12, வசூல் கட்டணம் 12, பேக்கிங் 12, தபால் 52, பஸ் 12, டெலிபோன் 8, மொத்தம் 236. மிச்சம் 74 ரூபாய். தபால், பஸ், டெலிபோன் செலவுகள் ஒரு கொட்டானுக்கு எவ்வளவோ அவ்வளவேதான் ஐந்துக்கும்.

நூறு கொட்டானும் இப்படி விற்றுவிடவில்லை. ஆறு அடுக்குகள் விற்றன. மீதியை அத்தை பழைய வியாபாரியிடமே கொடுத்தார். வழக்கமான விலையைவிடக் குறைத்துத்தான் எடுத்துக் கொண்டார் அவர். அந்த வித்தியாசத்தை நான் ஈடு செய்தேன்.

உங்கள் சீட்டை நீங்களே தயாரியுங்கள்

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும்.

1. முதல் நெட்டு வரிசையில் பெயர்களையும், அதற்கு நேராக பி வரிசையில் தொகையையும் டைப் செய்யவும். பி1-ல் ஏல விலை, பி2-ல் தபாலுக்கு வாங்கும் தொகை. இரண்டையும் தேர்வு செய்து ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் பி3-ல் மொத்த வரவு கிடைக்கும்.

2. பி4 முதல் பி12 வரை: பொருளின் விலை, பட்டியல் கட்டணம், விற்பனைக் கட்டணம், வசூல் கட்டணம், பேக்கிங், தபால், பயணம், இன்டர்நெட், சேதத்துக்கான ஒதுக்கீடு. பத்தில் ஒரு பார்சல் வீணாகும் என்று வைத்து, மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

3. சதவீதக் கட்டணங்களை எண்ணாகத் தர வேண்டாம். பி6 செல்லில் சமக்குறி போட்டு, பி1 செல்லைக் கிளிக் செய்து, பெருக்கல் குறியும் 5% என்பதும் தந்து என்டர் தட்டவும். பி7-ல் இதேபோல் பி3-ஐ 4%-ஆல் பெருக்கவும். உங்கள் தளத்தின் சதவீதத்தை இங்கே மாற்றிக் கொள்ளவும்.

4. பி4 முதல் பி12 வரை தேர்வு செய்து ஆட்டோசம் தந்தால் பி13-ல் மொத்தச் செலவு. பி14-ல் பி3-லிருந்து பி13-ஐக் கழிக்கவும். இதுதான் சீட்டின் கடைசி வரி.

இப்போது பி1-ல் விலையை மாற்றி மாற்றித் தந்து பாருங்கள். என் ஒற்றைக் கொட்டானை, ஒரே பட்டியல் கட்டணத்தில், சேதத்துக்கு ஒன்றும் ஒதுக்காமலேயே போட்டுப் பார்த்தால், 89 ரூபாய்க்குக் கீழே போனால் நஷ்டம் என்று காட்டுகிறது. அந்த எண்தான் ஏலத்தில் வைக்க வேண்டிய குறைந்தபட்ச ஆரம்ப விலை. ஒரு ரூபாயில் ஆரம்பித்தால் கூட்டம் வரும் என்ற ஆலோசனையை மலிவான பொருளுக்குக் கேட்காதீர்கள்.

இன்று விற்பவர்கள் கவனிக்க

ஆன்லைன் தளம் வழியாகப் பொருள் விற்க முன்பு சிறு விற்பனையாளரும் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு வரம்புக்குள் விற்பனை உள்ளவர்கள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், ஜி.எஸ்.டி. இணைய தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். வெளி மாநிலத்துக்கு விற்க பதிவு வேண்டும். அப்போது கணக்குத் தாக்கல் செய்யும் செலவையும் சீட்டில் சேர்க்கவும்.

2025 ஏப்ரலில் அமேசான் இந்தியா 300 ரூபாய்க்குக் குறைவான 1.2 கோடிக்கும் அதிகமான பொருட்களுக்குக் கமிஷனை நீக்கியது. ஆனால் கமிஷன் என்பது சீட்டில் ஒரு வரிதான். அனுப்பும் செலவும் திரும்பி வரும் பொருளின் செலவும் அப்படியே இருக்கும்.

வெளிநாட்டுக்கு விற்பவர்கள், டாலரை ரூபாயாக மாற்றும் கட்டணத்துக்கும் அந்நாட்டு இறக்குமதி வரிக்கும் தனி வரி ஒதுக்கவும். 800 டாலர் வரையுள்ள பார்சலுக்குத் தந்து வந்த வரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது.

பொருளைப் படம் எடுக்கும் முன்பே இந்தச் சீட்டைப் போட்டுவிடுங்கள். கடைசி வரியில் கழித்தல் குறி வந்தால், சேர்த்து விற்க வழியுண்டா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் உள்ளூர்ச் சந்தையில் விற்பதே நல்லது. முக்கியமாக, உங்களை நம்பி இன்னொருவர் பொருள் செய்து தருகிறார் என்றால், அவருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்தச் சீட்டை அவரிடமும் காட்டி விடுங்கள்.