பட்டறைக்கு வரும் தம்பிகளுக்கு

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் வளரும் பிள்ளைகளுக்குக் கைவேலை இயல்பாக வந்துவிடுகிறது. பழுதான மோட்டார் சைக்கிளும் புல்வெட்டும் மெஷினும் கையில் கிடைத்த சாமானைக் கொண்டே ஓடியாக வேண்டும். அந்தத் திறமையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆகவேதான், செம்பனைக் கன்றைப் பன்றி நாசம் செய்த கோபத்தில் நாமே ஒரு துப்பாக்கி செய்துவிடலாம் என்று பேசும் தம்பிகளுக்கு இதைச் சொல்கிறேன்.

1. பைப்பைத் துப்பாக்கிக் குழலாக்க நினைக்காதீர்கள். கார் டயரில் இருப்பது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம். 12 போர் தோட்டா வெடிக்கும் நொடியில் எழுவது 10,000 பவுண்டை ஒட்டியது. வெல்டிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர்க் குழாய் அதைத் தாங்காது. பிளந்தால் போவது சுட்டவனின் விரலும் கண்ணும்.

2. காலித் தோட்டாவில் மருந்து அடைக்காதீர்கள். பட்டாசு மருந்து வேறு, தோட்டா மருந்து வேறு. எரியும் வேகமும் வேறு. கண்ணளவு, கையளவு இதில் செல்லாது.

3. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தால், மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வைத்திருந்தால், துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். செய்தவனுக்கு அதைவிடக் கடுமையான தண்டனை. பன்றிக்காகத்தான் செய்தேன் என்ற சமாதானம் உங்களைக் காப்பாற்றாது.

4. மண் தோண்டும்போது பழைய தோட்டாவோ குண்டோ கிடைத்தால் தொடாதீர்கள். ஜப்பான்காரன் காலமும் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலமும் கடந்து வந்த மண் இது. போலீசில் ஒப்படைக்கலாம் என்றுகூடத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, விலகி நின்று 999க்கு அழையுங்கள்.

5. பன்றிக்கு முறையான வழி உண்டு. இளங்கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். மின்வேலி போட்டால், விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் அதற்குரிய கருவியை வாங்கிப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விட்டால் விடியற்காலையில் வேலைக்குப் போகும் மனிதர் சாவார். சுட்டே தீரவேண்டும் என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள்; துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் உள்ளவர்கள் வந்து செய்யட்டும்.

6. கைத்திறனுக்குச் சான்றிதழ் வாங்குங்கள். 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் வட்டாரத்துத் தென்னமரத்தில்தான் உருவானது. அன்று முதல் தோட்டங்களின் மெஷின்களை ஓடவைத்தவர்களில் பலருக்குக் கையில் வேலை இருந்தது, காகிதம் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்., வகுப்புக்குப் போகாதவருக்கும் முன் அனுபவத்தைச் சரிபார்த்துத் தரப்படுகிறது. வெல்டிங்கோ மோட்டார் வேலையோ, அந்த அனுபவத்துக்கு ஆதாரமாக, செய்த வேலைகளைப் படமெடுத்துத் தேதியோடு இன்றே சேர்த்து வைக்கத் தொடங்குங்கள். தோட்டத்துக்கு வெளியிலும் உங்களுக்குச் சரியான சம்பளம் வாங்கித்தரப்போவது அந்தச் சான்றிதழ்தான்.