பருத்த உடலினரான கமக்காரர் இடையிற் கத்தி தாங்கும் முறை

நெல்வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் கத்தியின்றி நடைபெறும் வேலைகள் மிகச் சிலவே. வரம்பிற் படரும் செடிகொடிகளை வெட்டுதல், பாகலுக்கும் புடோலுக்கும் பந்தலிடுதல், பயற்றங்கொடிக்குத் தடி சீவுதல், பூசணிக் காம்பையும் கோவாவின் அடித்தண்டையும் அறுத்தல், உரப்பையின் நூலை வெட்டுதல் ஆகிய யாவற்றிற்கும் கத்தி கையெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். கத்தியை வரம்பில் வைத்துவிட்டு வேலை செய்பவர் அதைத் தேடுவதிலேயே நேரத்தை இழப்பர். புல்லினுள் மறைந்து கிடக்கும் கத்தி பிறர் காலையும் வெட்டும். ஆகையாற் கத்தியை உடலிலே தாங்கிச் செல்வது நல்ல வழக்கமாகும். ஆயின், தாங்கும் முறை தவறினால் அக்கத்தியே தாங்குபவருக்குப் பகையாகும்.

மெலிந்த உடலினருக்கு ஏற்ற முறை பருத்த உடலினருக்குப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இடை பெருத்த கமக்காரர் பலர் கத்தியின் பிடி வயிற்றிற் குத்துகின்றதென்றும், குந்தும்போது விலாவில் இடிக்கின்றதென்றும் கூறி, ஈற்றில் உறையைக் கைவிட்டு வெறுங் கத்தியைச் சாரத்தின் மடிப்பிற் செருகிக்கொள்கின்றனர். இதனினும் ஆபத்தான பழக்கம் வேறில்லை.

தீங்கு விளையும் விதம்

மாரி காலத்தில் ஈரமான வரம்பில் நடக்கும் ஒருவர் வழுக்கி விழுவது சாதாரண நிகழ்ச்சி. விழும்போது தொடை மேலெழுந்து வயிற்றை நெருங்கும். முன்புறத்திற் செருகிய கத்தியின் முனை அவ்வேளை கவட்டை நோக்கித் திரும்பும். அடிவயிறும் தொடையும் சந்திக்கும் அவ்விடத்திலே காலுக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடி தோலுக்கு அண்மையில் ஓடுகின்றது. அது அறுபட்டாற் சில நிமிடங்களிலேயே உயிருக்கு இறுதி நேரலாம். நாரியின் நடுவிற் செருகிய கத்தியோ, மல்லாந்து விழுபவரின் முள்ளந்தண்டைத் தாக்கும். உடல் நிறை கூடியவர் விழும்போது ஏற்படும் அழுத்தம் கூடுதலாகையால், காயமும் ஆழமாக ஏற்படும்.

பருத்த உடலில் ஏற்படும் வேறுபாடு

மெலிந்தவரின் இடுப்புப்பட்டி இடுப்பெலும்பின் மேல் நேராகத் தங்கி நிற்கும். வயிறு பெருத்தவரின் பட்டியோ முன்புறத்தில் வயிற்றின் கீழ் இறங்கி, பின்புறத்தில் உயர்ந்து, சாய்வாக நிற்கும். இவ்வுடலமைப்பினால் மூன்று இடர்கள் தோன்றுகின்றன.

முதலாவது, முன்பக்கத்தில் மாட்டிய பொருள் யாதாயினும் குனியும்போது வயிற்றுக்கும் தொடைக்கும் இடையில் நெரிபடும். இரண்டாவது, பக்கத்தில் உயரமாக மாட்டிய கத்தியின் பிடி, குந்தும்போது விலாவுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள சதை மடிப்பில் அழுந்தும். மூன்றாவது, தோளும் மேற்கையும் பருத்திருப்பதாற் கை முதுகுப்புறம் எளிதிற் செல்லாது. பின்னால் மாட்டிய கத்தியைக் கண்ணாற் காணாது தடவி எடுக்க வேண்டியதாகும்.

பட்டி நழுவாதிருக்கும் பொருட்டு அதனை மிக இறுக்கிக் கட்டுவோரும் உளர். இதுவும் நன்றன்று. தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சியைத் தரும் நரம்பொன்று இடுப்பெலும்பின் முன்முனையை அடுத்துச் செல்கின்றது. பருத்த வயிறும் இறுகிய பட்டியும் அந்நரம்பை நெருக்குமாயின், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போதலும் எரிவும் குத்தலும் தோன்றும். இதனை வாதமென்று எண்ணி எண்ணெய் பூசுவோர், முதலிற் பட்டியைத் தளர்த்திப் பார்த்தல் வேண்டும். தளர்த்திய பின்னும் நீங்காவிடின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

கத்தியும் உறையும்

இடையில் தாங்குவதற்கு அலகு 4 முதல் 6 அங்குலம் வரையுள்ள மடியாத கத்தியே பொருத்தமானது. காட்டுக்கத்தி போன்ற நீண்ட கருவிகளைக் கையிலோ சாக்கிற் சுற்றியோ கொண்டு செல்லல் வேண்டும். அரிவாள், தாக்கத்தி ஆகிய வளைந்த கருவிகளை ஒருபோதும் இடையிற் செருகலாகாது.

வடபகுதியிற் பனையேறுந் தொழிலாளர் தம் பாளைக்கத்தியை இடையிற் கட்டிய கூட்டினுள் வைத்தே மரம் ஏறுவர். கூரிய கருவிக்குக் கூடு இன்றியமையாதது என்பதை அவர்களின் வழக்கமே உணர்த்தும்.

நல்ல உறைக்கு நான்கு இலக்கணங்கள் உள. ஒன்று, முனையாற் குத்தினும் துளைபடாத உறுதி. இரண்டு, பிடியின் மூன்றிலொரு பங்கையும் உள்வாங்கும் ஆழம். அவ்வாறிருப்பின் குனிந்தாலும் கத்தி நழுவாது. மூன்று, பிடியைச் சுற்றிப் பூட்டும் சிறு வார். நான்கு, நீர் வடிவதற்கு அடியில் ஒரு துளை.

தடித்த மாட்டுத்தோலில் உறை தைப்பிக்கலாம். சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுக்கும்போது, கூர்விளிம்பு வரும் பக்கத்தில் இரு தோல்களுக்கும் இடையே மூன்றாவது தோற்கீற்று ஒன்றை வைத்துத் தைக்குமாறு கூறுதல் வேண்டும். இக்கீற்று இல்லாவிடின் அலகு தையலை அறுத்து வெளியே வரும். இலேசான மரத்தில் இரு பலகைகளைக் குடைந்து பொருத்தியும் உறை செய்யலாம்.

செலவு குறைந்த வேறொரு வழியும் உண்டு. எஞ்சிய பீ.வீ.சீ. குழாய்த் துண்டொன்றைக் கொதிநீரில் இட்டு இளகச் செய்து, அலகின் அகலத்துக்கேற்பப் பலகைகளுக்கிடையே அழுத்தி ஆறவிட்டால், நீரில் ஊறாத உறை கிடைக்கும். குழாயை நெருப்பிற் காட்டலாகாது. அதினின்று எழும் புகை மூச்சுக்குத் தீங்கானது. வெந்நீரிலிருந்து எடுக்கும்போது இடுக்கி கொண்டு எடுத்தல் வேண்டும்.

இடுப்புப்பட்டி

ஒடுங்கிய பட்டி சதையில் வெட்டும். கத்தியின் பாரத்தாற் புரளும். ஆகையால் 4 முதல் 5 சென்ரிமீற்றர் அகலமும், முறுக்கினாற் சுருளாத தடிப்பும் உள்ள பட்டியே வேண்டும். சாரத்தின் மேற் பலர் அணியும் அகன்ற தோற்பட்டி இதற்கு மிகவும் ஏற்றது. கட்டியபின் பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையே இரு விரல்கள் தாராளமாக நுழைதல் வேண்டும். இவ்வளவு தளர்த்தினாற் பட்டி இறங்குமாயின், காற்சட்டைக்குப் போடுவது போன்ற தோட்பட்டிகள் இரண்டை இணைத்துப் பாரத்தைத் தோளில் ஏற்றுதல் நன்று.

கத்தியின் பாரம் ஒரு பக்கத்தில் மாத்திரம் இருப்பின் பட்டி அப்பக்கமாகச் சாயும். சாணைக்கல்லையோ சிறு நீர்ப்போத்தலையோ மறுபக்கத்தில் மாட்டிச் சமன் செய்தல் வேண்டும்.

தாங்கும் இடம்

பருத்த உடலினருக்கு ஏற்ற முறைகள் மூன்று. இங்கு கூறப்படுபவை வலக்கைப் பழக்கமுள்ளோருக்கானவை. இடக்கைப் பழக்கமுள்ளோர் பக்கத்தை மாற்றிக்கொள்க.

(அ) தாழத் தொங்கவிடும் முறை: வலப்பக்கத்தில், இடுப்பின் வெளிக்கோட்டுக்கு இரண்டு விரல் பின்னால் உறையை மாட்டுதல் வேண்டும். உறையை நேரே பட்டியிற் கோக்காது, 3 அல்லது 4 அங்குல நீளமுள்ள தொங்குவாரில் இணைத்தாற் பிடியின் மேல்முனை பட்டிக்குக் கீழேயே நிற்கும். அதனாற் பிடி விலாவில் இடியாது. குந்தும்போது உறை தொடையுடன் சேர்ந்து திரும்பும். உறையின் அடிமுனை முழங்காலுக்கு ஒரு சாண் மேலே முடிதல் வேண்டும். உறை ஆடாதிருக்க அதன் அடியை மெல்லிய நாடாவினால் தொடையில் தளர்வாகக் கட்டலாம். சண்டிக்கட்டுக் கட்டி வேலை செய்பவர், உறை தோலில் உராயாதவாறு அதன் உட்பக்கத்திற் தடித்த துணியை வைத்துத் தைத்துக்கொள்ளல் நன்று. பெரும்பாலானோருக்கு இம்முறையே போதும்.

(ஆ) இடப்பக்கச் சாய்வு முறை: தோள் நோவினாற் கையைப் பின்னோக்கி வளைக்க இயலாதோர், 4 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள கத்தியை இடப்பக்கத்தில் மாட்டி, பிடி முன்னோக்கியும் முனை பின்னோக்கியும் இருக்குமாறு உறையைச் சாய்த்து வைக்கலாம். வலக்கை வயிற்றின் முன்னாற் சென்று பிடியைப் பற்றும். பிடி தொப்புளை நோக்கி நகராதவாறு, இடுப்பெலும்பின் முன்முனைக்கு அப்பால் வராது பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

(இ) தோள்வார் முறை: பட்டி அணியவே இயலாத அளவு வயிறு பெருத்தோர், அகன்ற துணிவாரை இடத்தோளிலிருந்து வலப்பக்க இடுப்புக்குக் குறுக்காக அணிந்து, அதிற் கத்தியுறையைத் தொங்கவிடலாம். வார் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமுடையதாய் இருத்தல் வேண்டும். குனியும்போது உறை முன்னே ஊசலாடாதவாறு இடையைச் சுற்றி ஒரு நாடாவினாற் பிணைத்தல் அவசியம். சூடடிக்கும் இயந்திரம், நீர்ப்பம்பி ஆகியவற்றுக்கு அண்மையில் இம்முறையைக் கையாளலாகாது. தொங்கும் வார் சுழலும் உறுப்பிற் சிக்குண்டு ஆளையும் இழுத்துச் செல்லும்.

எம்முறையிலும் முனை கவட்டை நோக்குதலும், உறை நாரியின் நடுவில் அமைதலும் விலக்கப்பட வேண்டியவை.

மும்முறைச் சோதனை

புதிதாக உறை மாட்டியவர் உடனே கத்தியை அதில் இடலாகாது. கத்தியின் நீளமுள்ள தடியொன்றை உறையில் வைத்து முதலில் மூன்று சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

1. நாற்று நடுபவர் போல் இடுப்பை வளைத்துக் குனிந்து, ஐந்து நிமிடம் வேலை செய்க. பிடி எங்கும் குத்தலாகாது, தடி நழுவலாகாது.

2. களை பிடுங்குபவர் போற் குந்தி எழுக. உறை தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் அகப்படலாகாது.

3. அகன்ற வாய்க்காலைத் தாண்டுவது போற் காலை எட்டி வைக்க. உறை முழங்காலிலோ மற்றைக் காலிலோ தட்டலாகாது.

மூன்றிலும் தேறிய பின்னரே கத்தியை உறையில் இடுதல் வேண்டும். தேறாவிடின் தொங்குவாரின் நீளத்தை அரை அங்குலம் கூட்டியோ குறைத்தோ, உறையை ஒரு விரல் முன்னோ பின்னோ நகர்த்தியோ மீண்டும் பார்த்தல் வேண்டும். உடலின் பருமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவருக்குப் பொருந்திய அளவு மற்றொருவருக்குப் பொருந்துமென்று எண்ணலாகாது.

எடுத்தலும் வைத்தலும்

கத்தியை எடுக்கும்போது இடக்கையால் உறையின் முதுகுப்புறத்தை மாத்திரம் பற்றுதல் வேண்டும். கூர்விளிம்புப் பக்கத்தில் விரல்களைச் சுற்றிப் பிடிப்பின், தையல் விட்ட உறையினூடாக அலகு விரலை வெட்டும். திருப்பி வைக்கும்போது நின்று, உறையின் வாயைக் கண்ணாற் பார்த்து, மெதுவாக இடுதல் வேண்டும். வயிறு பெருத்தவருக்கு உறையின் வாய் கண்ணுக்கு மறையுமாயின், தொங்குவாரைப் பற்றி உறையை வெளியே திருப்பிப் பார்த்து இடுக. நடந்துகொண்டே கத்தியை உறையில் இடுதல் எவருக்கும் ஆகாது.

மரமேறுமுன்னும், உழவு இயந்திரத்திலோ துவிச்சக்கரவண்டியிலோ ஏறுமுன்னும் உறையோடு கத்தியைக் கழற்றிவிடல் வேண்டும். சந்தைக்கோ பஸ்வண்டியிலோ செல்லும்போது கத்தியை இடையில் அணிந்து செல்வது முறையன்று. வேலை முடிந்ததும் அதனை வீட்டிற் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

துருவாது பேணல்

வியர்வையிலுள்ள உப்பும் சேற்றுநீரும் இரும்பை விரைவிற் துருவச் செய்யும். ஈரத்தோல் அவ்வீரத்தை இரவு முழுவதும் அலகோடு சேர்த்து வைத்திருக்கும். ஆகையால் மாலையிற் கத்தியை உறையிலிருந்து எடுத்துக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் சிறிது பூசித் தனியே வைத்தல் வேண்டும். தோலுறையை நிழலில் உலர்த்துக; வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் தோல் வெடிக்கும். கிருமிநாசினி பட்ட கைகளாற் கத்தியைத் தொட நேரின், அதனாற் காய் எதனையும் அறுத்துண்ணலாகாது.

காயம் ஏற்படின்

குருதி பெருகுமாயின் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் முழுப் பலத்தோடும் விடாது அழுத்துதல் வேண்டும். கவட்டிற் பட்ட காயத்துக்குக் கயிறு கட்டுவதாற் பயனில்லை. அழுத்தமே உயிரைக் காக்கும். உடலிற் பதிந்து நிற்கும் கத்தியைப் பிடுங்கலாகாது. அது அசையாதவாறு சுற்றிலும் துணி வைத்து, 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து இலவச நோயாளர் காவுவண்டியை அழைத்தல் வேண்டும்.

சிறு காயத்தையும் அசட்டை செய்யலாகாது. மண்ணிலும் எருவிலும் உள்ள கிருமியால் ஏற்புவலி நோய் உண்டாகும். வயல்நீரில் எலியின் சிறுநீர் கலந்திருப்பின், தோலிலுள்ள காயத்தின் வழியே எலிக்காய்ச்சற் கிருமி உடலினுட் புகும். எனவே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, அருகிலுள்ள வைத்தியசாலையில் ஏற்புவலித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிதல் வேண்டும். காயம் ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தலே சிறந்தது.

நினைவிற் கொள்ளத்தக்கவை

வெறுங் கத்தியை இடையிற் செருகற்க. அகன்ற பட்டியை இரு விரல் தளர்வோடு கட்டுக. பிடி பட்டிக்குக் கீழே நிற்குமாறு உறையைத் தாழ மாட்டுக. முனையைக் கவட்டினின்றும் விலக்குக. தடியைக் கொண்டு சோதித்த பின்னரே கத்தியை இடுக.

உறை தைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. ஒரு பொழுது வேலையும் கெடலாம். ஆயின் காலிற் காயத்தோடு ஒரு போகம் முழுவதும் வீட்டிற் கிடக்கும் கமக்காரரின் வயலை யார் பார்ப்பர்? பாதுகாப்பாகத் தாங்கிய கத்தியே கமக்காரருக்கு உற்ற துணையாகும்.