அரிவாள் உறை போன்ற காயுடைய புதிய மரம்

புளி, வாகை, கருவேலம், துவரை ஆகிய அனைத்தும் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் 40 மீட்டர் உயரமும், மதிப்பீட்டின்படி 62 டன் எடையும் உள்ள ஒரு மரத்திற்கு 2017-ஆம் ஆண்டு வரை தாவர நூல்களில் பெயரே இல்லை. பிரேசில் நாட்டின் எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில், லின்யாரெஸ் என்னும் ஊரை அடுத்த காப்புக் காட்டில் இம்மரம் நிற்கிறது. காப்பி, கோகோ, பப்பாளி விளையும் பகுதி அது.

அவ்வூர் மக்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். இதன் காய் அரை மீட்டர் அளவுக்கு நீண்டு, கட்டைபோல் கெட்டியாக, பெரிய வெட்டரிவாளின் உறையைப் போலிருக்கும். எனவே அவர்கள் வழங்கிய பெயர் ஜுவெய்ரானா ஃபக்காவோ. 'ஃபக்காவோ' என்றால் வெட்டரிவாள். அறிவியல் பெயரிலும் இதுவே நிலைத்துவிட்டது: டினிசியா ஜுவெய்ரானா ஃபக்காவோ.

டினிசியா என்ற பேரினத்தில் அதுவரை ஒரே ஒரு மரம்தான் இருந்தது. அமேசான் காட்டில் வளரும் அதனை டூக்கே என்பவர் 1922-இல் விவரித்தார். அவ்வகை மரம் ஒன்று 88.5 மீட்டர் உயரம் இருப்பது 2019-இல் தெரியவந்தது. அதன் காய் மெல்லியது, தட்டையானது. புதிய மரத்தின் காயோ தடித்தது. இலையிலும் பூங்கொத்திலும் வேறுபாடு உண்டு. லண்டன் க்யூ தாவரவியல் பூங்காவின் குவிலிம் லூயிஸ் என்பவரும், பிரேசில், கனடா நாட்டு ஆய்வாளர்களும் இவற்றை ஒப்பிட்டே இது தனி இனம் என்று வெளியிட்டனர்.

உயரத்தைப் பார்த்தோ, பட்டையைப் பார்த்தோ புதிய இனம் என்று கூறிவிட முடியாது. மண்ணும் மழையும் மாறினால் உயரம் மாறும்; ஒரே மரத்தில்கூடக் கொழுந்து இலை ஒரு மாதிரியாகவும் முற்றிய இலை வேறு மாதிரியாகவும் இருக்கும். பூவும் காயும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே இவை கிடைக்கும்வரை ஆய்வாளர் காத்திருக்க வேண்டும். 40 மீட்டர் உச்சியில் பூக்கும் மரத்தில் இது சிறிய வேலையல்ல. பின்னர் உலர்த்திய கிளை ஒன்றை 'மூல மாதிரி' என்று குறித்து உலர்தாவரக் காப்பகத்தில் வைக்கிறார்கள். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் தீர்ப்பு சொல்வது அந்தக் கிளையே. 2012 வரை விளக்கத்தை லத்தீன் மொழியில்தான் எழுத வேண்டும் என்ற விதி இருந்தது; இப்போது ஆங்கிலமும் போதும்.

பயறு வகை என்றவுடன் வேர் முடிச்சு இருக்கும், மண்ணில் தழைச்சத்து சேரும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்ப் புளியிலும் சரக்கொன்றையிலும் வேர் முடிச்சு கிடையாது.

பெயர் சூட்டியபோது கண்டறியப்பட்டிருந்தவை சுமார் 25 மரங்களே. அவற்றில் ஏறத்தாழ பாதி காப்புக் காட்டிற்கு வெளியே உள்ளன. சுற்றிலுமிருந்த அட்லாண்டிக் மழைக்காட்டின் பெரும்பகுதி விளைநிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. எனவே வெளியிடும்போதே இதனை மிகவும் அழிவு நிலையில் உள்ள இனம் என்று குறித்தார்கள். பெயரில்லாத மரத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது கடினம்.

நம் வயலில் இனம் தெரியாத களையோ, வரப்பில் புதுச்செடியோ தென்பட்டாலும் முறை இதுவே. இலையை மட்டும் கிள்ளிக் கொண்டுவந்தால் பயனில்லை. சிறு செடியானால் வேருடனும், மரமானால் ஒரு சாண் கிளையாகவும் பூ, காயுடன் எடுக்க வேண்டும். பாலிதீன் பையில் வைத்தால் அழுகிவிடும். செய்தித்தாள் மடிப்பில் விரித்து, மேலே பாரம் வைத்து, தினமும் தாளை மாற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். பூவின் நிறம் காய்ந்தால் மங்கும். பறித்த அன்றே நிறம், இடம், தேதி, மண் வகை, செடியின் உயரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் செடியுடனேயே வைக்க வேண்டும். பென்சிலால் எழுதுவது நல்லது. மை ஈரத்தில் ஊறிவிடும்.