தன் சிரிஞ்சை அறியும் பொறி: கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்கு வருவோர் அறிய வேண்டியவை

சிடி ஸ்கேன் எடுக்கும்போது, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்குமாறு மருத்துவர் சில வேளைகளில் எழுதித் தருவார். இது அயோடின் அடங்கிய, நிறமற்ற திரவம். இரத்தக்குழாய்களையும் கட்டி, அழற்சி முதலியவற்றையும் படத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது இதன் பணி. கையில் வென்ஃப்ளான் பொருத்திய பின், இம்மருந்தைச் செலுத்துவது செவிலியரின் கை அன்று, மேசைக்கருகில் நிற்கும் ஒரு பொறி என்பதைக் கண்டு நோயாளிகள் பலர் அஞ்சுகின்றனர். அப்பொறி தன்மீது பொருத்திய சிரிஞ்சை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதையும், அதனால் அறிய இயலாதவை எவை என்பதையும் இங்கே காண்போம்.

பொறி எதற்காக?

கையின் நரம்பில் ஏற்றிய மருந்து இதயத்தை அடைந்து, அங்கிருந்து உடலின் தமனிகளுக்குச் சென்று கடப்பது சில நொடிகளில் நிகழ்ந்துவிடும். அந்த நொடிகளிலேயே படம் எடுக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்து தண்ணீரைவிடக் குழகுழப்பானது; அதைச் சீரான வேகத்தில் கையால் அழுத்துவது கடினம். இரத்தக்குழாய்ச் சோதனைகளில் நொடிக்கு 3 முதல் 5 மி.லி. வரை செலுத்துவது வழக்கம். நொடிக்கு 4 மி.லி. எனக் கொண்டால், 100 மி.லி. மருந்து 25 நொடிகளில் உடலுக்குள் சென்றுவிடும். மருந்தின் ஓட்ட வேகத்தைக் கட்டுப்படுத்திச் செலுத்தும் பொறியை உருவாக்கிய முன்னோடி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர் ஸ்டீபன் ஹெயில்மன். அவர் 1964இல் தொடங்கிய மெட்ராட் நிறுவனம் இத்துறையில் புகழ்பெற்றது.

சிரிஞ்சு எதுவெனப் பொறிக்கு ஏன் தெரிய வேண்டும்?

பொறி மருந்தை அளந்து பார்ப்பதில்லை. மோட்டாரால் சிரிஞ்சின் உந்துதண்டு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டுமே அது அறியும். அந்தத் தூரத்தைக் குழலின் குறுக்குப் பரப்பால் பெருக்கி, சென்ற மருந்தின் அளவைக் கணக்கிடுகிறது. குழலின் உள்விட்டம் பொறி கருதியதைவிட 10 விழுக்காடு கூடுதலாக இருந்தால், 100 மி.லி. எனக் கணக்கிட்ட இடத்தில் 121 மி.லி. சென்றிருக்கும். வேகமும் அதே அளவு கூடியிருக்கும். அழுத்தக் கணக்கும் பிழைபடும். தொழில்நுட்பர் நிரப்பும் வெற்றுச் சிரிஞ்சையும், மருந்து நிரப்பியே வரும் சிறிய சிரிஞ்சையும் ஏற்கும் பொறிகள் உள்ளன. ஆகவே பொருத்தியது எது என்பதைத் தவறின்றி அறிவது இன்றியமையாதது.

அடையாளம் காணும் மூன்று வழிகள்

முதல் வழி வடிவம். சிரிஞ்சின் விளிம்பிலோ அடிப்பகுதியிலோ உள்ள மேடு பள்ளங்களைப் பொறியின் உணரிகள் தொட்டோ ஒளியாலோ கண்டறிந்து, இன்ன அளவுச் சிரிஞ்சு என முடிவு செய்யும்.

இரண்டாவது பார்கோடு. மளிகைக் கடையில் பொருளின் உறையைக் கருவி படிப்பது போன்றதே இதுவும்.

மூன்றாவது வானொலி அலை வழியே படிக்கப்படும் சிறு சில்லு. நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வைகுந்தம், ராசம்பாளையம் சுங்கச்சாவடிகளில் வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் படிக்கப்படுவது இம்முறையில்தான். ஃபாஸ்டேக்கில் மின்கலம் இல்லை. சாவடியின் கருவி அனுப்பும் அலையிலிருந்தே அது ஆற்றல் பெற்று விடை சொல்கிறது. மருந்து நிரப்பிவரும் சிரிஞ்சில் ஒட்டிய சில்லும் அவ்வாறே மருந்தின் பெயர், செறிவு, அளவு, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பொறிக்குத் தெரிவிக்கும். காலாவதியான மருந்தைப் பொறி ஏற்க மறுக்கும்.

ஒருமுறைக்குப் பின் மறுப்பு

சில்லின் மிகப் பெரிய பயன் வேறொன்று. மருந்து செலுத்தி முடித்ததும், 'பயன்படுத்தப்பட்டது' என்று பொறி அச்சில்லிலேயே பதிந்துவிடும். அதே சிரிஞ்சை மீண்டும் பொருத்தினால் பொறி இயங்காது. இதனால் இரண்டு தீங்குகள் தடுக்கப்படுகின்றன. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்று பரவுவது ஒன்று. வெற்றுச் சிரிஞ்சிலுள்ள காற்று இரத்தக்குழாய்க்குள் செல்வது மற்றொன்று. மிகுதியான காற்று உயிருக்கே ஊறு செய்யும். 2021இல் கொரோனா தடுப்பூசிக்குப் பயன்பட்ட, ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சின் நோக்கமும் இத்தகையதே.

எல்லா மருத்துவமனைகளிலும் சில்லுள்ள சிரிஞ்சுகள் இருப்பதில்லை. இல்லாத இடங்களில் தொழில்நுட்பரின் கண்ணும் கையுமே அக்காவலைச் செய்கின்றன. புதிய உறையைப் பிரித்துச் சிரிஞ்சைப் பொருத்துவதும், குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவதும், மருந்துப் புட்டியின் பெயரையும் நாளையும் படிப்பதும் அவர் கடமைகள். இவை பற்றி நீங்கள் பணிவுடன் கேட்கலாம். அது அவநம்பிக்கை ஆகாது.

பொறி அறியாதவை

பொறி சிரிஞ்சை அறியும். சிரிஞ்சின் மறுமுனையில் இருப்பவரை அறியாது. கீழ்க்கண்டவற்றை நோயாளியோ உடனிருப்பவரோதான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்:

• முன்பு கான்ட்ராஸ்ட் மருந்தால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் ஏற்பட்டிருந்தால்.
• சிறுநீரக நோய் இருந்தால். அண்மையில் எடுத்த கிரியேட்டினின் பரிசோதனை முடிவைக் கொண்டுவருக.
• நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டால். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோர்க்கு அதை நிறுத்திவைக்க நேரலாம். அதை மருத்துவரே முடிவு செய்வார், தாமாக நிறுத்தலாகாது.
• ஆஸ்துமா, தைராய்டு நோய், கருவுற்றிருத்தல்.

ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர் போன்ற ஊர்களில் முதற்சோதனை செய்துகொண்டு, பின்னர் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்வோர் பலர். முதல் மருத்துவமனையில் ஒவ்வாமை தோன்றியிருந்தால், அதை மருந்தின் பெயருடன் எழுதி வாங்கிக்கொள்க. அந்தத் தாள் உங்களோடு வராவிட்டால், அடுத்த மருத்துவமனைக்கு அச்செய்தி தெரிய வழியில்லாமற் போகலாம்.

அந்த 25 நொடிகள்

மருந்து செல்லும்போது உடல் முழுதும் வெப்பம் பரவுவதும், வாயில் உலோகச் சுவை தோன்றுவதும், சிறுநீர் பிரிந்தாற்போன்ற உணர்வும் இயல்பானவை. சிறிது நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் வென்ஃப்ளான் உள்ள இடத்தில் கடுமையான வலியோ வீக்கமோ தோன்றினால், மருந்து நரம்பைவிட்டு வெளியே சுற்றியுள்ள திசுக்களில் பரவுகிறது எனப் பொருள்படலாம். இதைப் பொறி எப்போதும் உணர்ந்துகொள்ளும் எனக் கூற இயலாது. தொண்டை இறுகுதல், மூச்சுத்திணறல், அரிப்பு ஆகியனவும் உடனே சொல்ல வேண்டியவை.

அவ்வேளையில் பணியாளர்கள் கண்ணாடிக்கு அப்பால் இருப்பர். எனினும் ஒலிவாங்கி வழியே உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கும். பொறியை உடனே நிறுத்தவும் அவர்களால் இயலும். முதியோர் பலர், சோதனை கெட்டுவிடுமோ என்றெண்ணி வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். பொறுத்தல் வேண்டா, வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று உடனிருப்போர் அவர்களுக்கு முன்பே எடுத்துரைத்தல் நலம். சோதனை முடிந்த பின்னும் ஏறத்தாழ அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருந்து, தடை ஏதுமில்லையெனில் நிறையத் தண்ணீர் அருந்தி, பின்னர் இல்லம் திரும்புக.