அந்திமகால இல்லம் எப்படி அமைய வேண்டும்?

கேள்வி: புற்றுநோய் முற்றியவர்களுக்காக எங்கள் அறக்கட்டளை ஒரு வாடகை வீட்டில் சிறு ஹாஸ்பிஸ் நடத்திவருகிறது. அன்பர் ஒருவர் ஒன்றரை ஏக்கர் நிலம் தானமாகத் தந்திருக்கிறார். மூன்று மாடி, நாற்பது தனியறைகள் என்று எஞ்சினீயர் போட்டுக் கொடுத்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அஸ்திவாரம் போடுமுன் தங்கள் அபிப்பிராயம் தேவை.
– செயலாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஆஸ்பத்திரிக்கென்றால் இந்தப் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குணமாகி வீடு திரும்பப்போகிறவர் பத்து நாள் எந்த அறையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிடுவார். ஆனால் எஞ்சியிருக்கும் சில வாரங்களையும் படுக்கையிலேயே கழிக்கப்போகிறவருக்கோ அந்த அறையே லோகம் முழுவதும் ஆகிவிடுகிறபடியால், கட்டடத்தை நிற்கிறவன் கண்ணால் அல்லாமல் மல்லாந்து கிடக்கிறவன் கண்ணால் பார்த்து வரைவதே நியாயம். தங்கள் எஞ்சினீயரை ஒருநாள் அந்த வாடகை வீட்டுக் கட்டிலில் அரைமணி நேரம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைக் குத்தும் டியூப்லைட்டும், நேர் மேலே சுழலும் மின்விசிறியும், மூன்றரை அடிக்கு மேல் தொடங்குவதால் தென்னங்கீற்றின் நுனியைத் தவிர வேறொன்றையும் காட்டாத ஜன்னலும் எத்தகைய உபாதை என்பது அவருக்கே விளங்கிவிடும். ஜன்னலின் அடிச்சட்டம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகவேண்டாம். விளக்குகள் பக்கச் சுவரில் இருக்கட்டும். கட்டில் அப்படியே உருண்டு தாழ்வாரத்துக்கு வரும்படி வாசல் நாலடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஜன்னல் என்றதும் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் நினைவுக்கு வருகிறார். நவீன ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் தாயகமாகச் சொல்லப்படும் லண்டன் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லத்துக்கு முதல் நன்கொடையாக வந்தது, 1948-இல் மரணமடைந்த டேவிட் டாஸ்மா என்ற நோயாளி, அங்கே தாம் ஒரு ஜன்னலாக இருக்கவேண்டுமென்று விட்டுச்சென்ற 500 பவுன். இல்லம் திறந்ததோ 1967-இல். இடைப்பட்ட காலத்தில் அம்மையார் செங்கல் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை; நர்ஸாக இருந்தவர் வைத்தியம் படித்து டாக்டரானார்; வலி திரும்பி வரும்வரை காத்திராமல் வேளை தவறாது மார்பின் கொடுக்கும் முறையை வேறோர் இல்லத்தில் இருந்து பயின்றார். பெங்களூரில் 1994-இல் ஆரம்பிக்கப்பட்ட கருணாஸ்ரய அறக்கட்டளையும் முதலில் வீடு தேடிப்போய்ப் பராமரித்துவிட்டு, 1999-இல்தான் நீர்நிலையை நடுவே வைத்த தன் இல்லத்தைத் திறந்தது.

ஆகையால் அஸ்திவாரத்துக்கு முன் தாங்கள் முடிக்கவேண்டிய காரியங்கள் இரண்டு. மார்பின் வைத்துக்கொள்வதற்கான அங்கீகாரத்தைப் பெறுங்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பல இலாகாக்களின் படியேறி இறங்கவேண்டிய பழைய சிரமம் இல்லை. இரண்டாவது, வீடுவீடாகச் செல்ல ஒரு வண்டியும் ஒரு நர்ஸும். வலி அடங்கிவிட்டால் பெரும்பாலோர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு வர விரும்புவதில்லை என்பதைக் கேரளத்தில் இந்த வீட்டுச் சேவை செய்கிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

வீட்டுச் சேவை வேரூன்றியபின் நாற்பது படுக்கை எதற்கு? பதினைந்து போதும். ஒரே ஒரு நர்ஸ் இரவும் பகலும் இருப்பதென்றால் வாரத்துக்கு 168 மணி. ஒருவர் 48 மணி உழைத்தாலும் மூன்றரை ஆள், விடுப்பைச் சேர்த்தால் நாலரை. கட்டடத்துக்குக் கொடுக்கும் தனவான்கள், கல்வெட்டில் பெயர் வருமாதலால், கிடைத்துவிடுவார்கள். மாதச் சம்பளத்துக்குக் கொடுக்கிறவர்தான் அபூர்வம். பதினைந்து படுக்கையென்றால் மாடியும் வேண்டாம், மின்சாரம் போனால் நடுவழியில் நிற்கும் லிப்டும் வேண்டாம்.

எல்லாம் தனியறை என்பதும் எனக்கு உசிதமாகப் படவில்லை. பக்கத்துக் கட்டில்காரரோடு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருப்பது நம் ஜனங்களுக்குப் பாதி மருந்து. நாலு கட்டில் கொண்ட கூடங்கள் மூன்று. ஆறாத புண்ணின் வாடையால் கூசுகிறவர்களுக்கும், கடைசி நாட்களில் உறவினர் சூழ இருக்க விரும்புகிறவர்களுக்கும் தனியறை மூன்று. ஒவ்வொரு கட்டிலருகிலும் துணைக்கு இருப்பவர் காலை நீட்டிப் படுக்க ஒரு பெஞ்சு, கஞ்சி வைத்துக்கொள்ள ஒரு சிறு சமையற்கட்டு, படத்தில் கண்டதைப்போல் இரு மடங்கு சலவையறை, இவை கட்டாயம்.

கேள்வி: பிரேதத்தைப் பின்பக்கமாகக் கொண்டுபோக வழி வைத்திருக்கிறோம். மற்ற நோயாளிகள் பார்க்காமலிருப்பது நல்லதுதானே?
– அதே செயலாளர்

பதில்: தங்கள் படத்தில் அந்த வழி குப்பைத்தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே போகிறது. பெற்ற தாயை அந்த வழியாக எடுத்துச்செல்ல யாருக்கு மனம் வரும்? அடுத்த கட்டில் காலியானதை நோயாளிகள் எப்படியும் அறிவார்கள். மறைத்தால் பயம்தான் மிகும். பக்கவாட்டில், தோட்டத்தை ஒட்டி, வண்டி பின்வாங்கி நிற்கக் கூரையிட்ட ஒரு வாசல் வையுங்கள். அதையடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கும், அவரவர் மத ஆசாரப்படி குளிப்பாட்டுவதற்கும் ஏற்றதாக, குழாயும் தண்ணீர் வடியும்படி சரிவான தரையும் கொண்ட ஓர் அறை வேண்டும். அதற்கான இடத்தைத் தங்கள் படத்தில் முன்கூடத்துக்கு ஒதுக்கியிருக்கும் விஸ்தீரணத்திலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.