வெடியோசையும் வெளிப்படையான ஆய்வும்

நுழையும்முன்

துப்பாக்கி வெடித்த செய்தியை மனிதர் சொல்லும் முன்னரே கருவி காவல்துறைக்குச் சொல்லிவிடும் நகரங்கள் அமெரிக்காவில் உள்ளன. அக்கருவியின் சொல்லை எவ்வளவு நம்பலாம்? அதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கு உண்டு?

மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும்வரை நொடிகளை எண்ணியிருப்பீர்கள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், அவ்விடைவெளியைக் கொண்டு இடி தோன்றிய தொலைவைக் கணிக்கலாம். துப்பாக்கியோசையை அறியும் கருவிக்கும் இதுவே அடிப்படை. ஆனால், ஓசை எப்போது புறப்பட்டது என்று காட்ட அங்கே மின்னல் இல்லை. ஆகவே, கட்டடங்களின் கூரைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் ஒலிவாங்கிகளைப் பொருத்துகின்றனர். ஓர் ஒலிவாங்கியை அடைந்து ஒரு நொடி கழித்து மற்றொன்றை ஓசை அடையுமானால், இரண்டாவது 343 மீட்டர் கூடுதல் தொலைவில் உள்ளது என்பது பொருள். குறைந்தது மூன்று ஒலிவாங்கிகளில் பதிவான நேர வேறுபாடுகளைக் கொண்டு ஓசை எழுந்த இடத்தைக் கணிக்கின்றனர்.

இடத்தைக் கணிப்பதைவிடக் கடினமானது, எழுந்தது துப்பாக்கியோசையா, பட்டாசா, வண்டிப் புகைக்குழாயின் வெடிப்பா என்று பிரித்தறிவது. கணினி முதலில் வகைப்படுத்தும். பின்னர் நிறுவனப் பணியாளர் ஒலிப்பதிவைக் கேட்டு முடிவுசெய்வார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் காவலருக்கு எச்சரிக்கை சென்றுவிடும்.

சிகாகோ மாநகரம் 2018ஆம் ஆண்டு ஷாட்ஸ்பாட்டர் நிறுவனத்துடன் மூன்றாண்டுக்கு 3.3 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்தது. தன் கருவி 97 விழுக்காடு துல்லியமானது என்றது நிறுவனம். அக்கணக்கு, பிழை நேர்ந்ததாகக் காவல்துறையினர் தெரிவித்தவற்றை அடிப்படையாகக் கொண்டது. தெரிவிக்கப்படாத பிழை அதில் பிழையாகவே எண்ணப்படாது. 2021 ஆகஸ்டில் அம்மாநகரின் தலைமை ஆய்வர் அலுவலகம் வேறொரு கணக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,176 எச்சரிக்கைகளில் 9.1 விழுக்காட்டில் மட்டுமே துப்பாக்கி தொடர்பான குற்றத்திற்குச் சான்று கிட்டியது. எஞ்சியவை யாவும் பொய் எச்சரிக்கைகள் என்று கொள்ளுதல் தவறு. சுட்டவர் தடயமின்றித் தப்பியிருக்கலாம். எனினும், ஒரு பகுதியிலிருந்து அடிக்கடி எச்சரிக்கை வருகிறது என்பதையே காரணமாகக் காட்டி, அங்குள்ளோரைக் காவலர் சிலர் நிறுத்திச் சோதித்ததையும் அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது.

கருவியின் சொல் நீதிமன்றத்திற்கும் சென்றது. சிகாகோவில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட முதியவர் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார். கருவி தந்த சான்றின் அறிவியல் தகுதியை ஆராய வேண்டும் என்று அவர்தம் வழக்குரைஞர்கள் கோரினர். அரசுத் தரப்பு அச்சான்றைக் கைவிட்டது. போதிய சான்றின்மையால் 2021 ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது.

ஒரு கூற்றைச் சோதிக்க வேண்டுமெனில் அதனைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்க இயல வேண்டும். ஆய்விதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரையைப் படிக்கவே 30 டாலருக்குமேல் கட்டணம். கட்டுரையாளர்க்கோ, அதனை மதிப்பிடும் அறிஞர்க்கோ பெரும்பாலும் அதிலிருந்து ஒரு காசும் செல்வதில்லை என்பது வியப்பிற்குரியது. இணையத்தில் எவரும் கட்டணமின்றி ஆய்வுகளைப் படிக்கவும் படியெடுக்கவும் பகிரவும் வேண்டும் என்று 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை முழங்கியது. அரசு நிதியில் நடைபெறும் ஆய்வுகள் வெளியான உடனேயே அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2022 ஆகஸ்டில் நெறிமுறை வகுத்தது.

கட்டுரைக்குக் கதவு திறந்தாலும் கருவிக்குள் செல்ல வழியில்லை. ஒலிவாங்கிகள் இருக்கும் இடங்களையும் ஒலியை வகைப்படுத்தும் நிரலையும் நிறுவனம் வணிக மறையாகவே காத்துவந்தது. அதனால்தான் சிகாகோ அறிக்கை மதிப்புப் பெற்றது: எச்சரிக்கைகளும் காவல்துறைப் பதிவுகளும் மாநகரத்தின் கையில் இருந்தன, கணக்கிட்ட முறையும் முடிவும் விலையின்றிப் பொதுமக்கள்முன் வைக்கப்பட்டன. கருவி இருந்தால் காயமுற்றோரை விரைந்து மீட்கலாம் என்று மாமன்ற உறுப்பினர் பலர் வாதிட்டனர். அவ்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது. 2024 செப்டம்பரில் சிகாகோவில் அக்கருவியின் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

கற்பவை கற்றபின்

97 விழுக்காடு, 9.1 விழுக்காடு ஆகிய இரண்டும் ஒரே கருவியைப் பற்றியனவாக இருந்தும் பெரிதும் வேறுபடுவதற்கான காரணத்தை வகுப்பில் விளக்கிப் பேசுக.